மஞ்சக்கண்ணனும் கடக்கரையானும்

எழுதி ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொன்னா பாதிதான் உண்மை. மீதி பாதி சோம்பேறித்தனம். இந்தப் பதிவை மட்டும் ஏழெட்டு மாசமா மனசுக்குள்ளயே எழுதி எழுதி அழிச்சிட்டிருந்தேன். இன்னைக்கு எப்படியும் போட்டுடறதுன்னு உட்கார்ந்தாச்சு.

டிஸ்கி: இது பறவைப் பதிவு. கொஞ்சம் நீளம். பறவைன்னாலே அலர்ஜி இருக்கறவங்க இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம் :)

ஹூஸ்டன்ல இருக்கறவங்களுக்கு கிராக்கிள் பத்தி அறிமுகமே தேவையில்லை. எச்.இ.பி. பார்க்கிங்ல வண்டியை நிறுத்திட்டு இறங்கினா, தலைக்கு மேல துருப்பிடிச்ச கேட்டைத் திறந்து மூடற மாதிரி ஒரு சத்தம். நடுவுல ஒரு விசில். அப்புறம் ரேடியோல ஸ்டேஷன் கிடைக்காம கரகரன்னு ஓடுமே, அது. இவ்வளவும் ஒரே பறவை ஒரே மூச்சுல போடற கச்சேரி. கருப்பு உடம்பு, வெயில் பட்டா ஊதாவும் நீலமுமா மினுங்கும். உடம்பளவுக்கு வால். பளீர்னு மஞ்சக் கண்ணு. நம்மளைப் பார்க்கற பார்வையிலயே ஒரு திமிர் இருக்கும். நிறுத்தின கார்களோட முன்பக்க கிரில்ல அடிபட்டு ஒட்டியிருக்கற பூச்சிகளை ஒவ்வொண்ணா கொத்தித் தின்னுட்டு, அடுத்த காருக்கு நடந்தே போகும். சாயங்காலம் ஆனா சிக்னல் கம்பி முழுக்க ஆயிரக்கணக்குல வந்து உட்காரும். அதுக்குக் கீழ கார் நிறுத்தினவன் செத்தான்.

நாலு வருஷமா பார்க்கறேன். முதல் ஒரு வருஷம் நானும் காக்கான்னுதான் நினைச்சிட்டிருந்தேன். அப்புறம் ரூம்மேட் ஒருத்தன் விட்டுட்டுப் போன பைனாகுலரால இந்தப் பறவைப் பைத்தியம் பிடிச்சு, புத்தகம் வாங்கி, பட்டியல் போட ஆரம்பிச்சேன். இது கிரேட்-டெயில்டு கிராக்கிள். தமிழ்ல பெருவால் கிராக்கிள்னு வெச்சுக்குவோம் (மொழிபெயர்ப்பு அடியேன், திட்டாதீங்க).

போன வருஷம் மார்ச்ல அப்பா வந்தார்.

அம்மா போய் அப்போ ஒண்ணரை வருஷம் ஆகியிருந்தது. நான் இங்கிருந்து ஃப்ளைட் மாறி ஃப்ளைட் மாறி அம்பாசமுத்திரம் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. அதைப் பத்தி இங்க எழுதற ஐடியா இல்லை. அதுக்கப்புறம் அப்பாவைத் தனியா விட மனசில்லாம, வாங்க வாங்கன்னு நச்சரிச்சு ஒருவழியா ஆறு மாசத்துக்குக் கூட்டிட்டு வந்தேன். அவர் தபால் ஆபீஸ்ல போஸ்ட்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பது வருஷத்துக்கு மேல சைக்கிள்ல ஊரைச் சுத்தினவரை ரெண்டாவது மாடி அபார்ட்மெண்ட்ல வெச்சுப் பூட்டினா எப்படி இருக்கும்? நான் காலைல லேப்டாப்பைத் திறந்தா சாயங்காலம்தான் மூடுவேன். அவர் பால்கனில ஒரு சேரைப் போட்டு உட்கார்ந்திருப்பார். வலது கண்ணுல கேடராக்ட் ஆபரேஷன் ஆகியிருந்தது. இடது கண்ணு அப்படியேதான் மங்கலா இருந்தது. டிவி பார்த்தா தலைவலி வருதுன்னுடுவார்.

மூணாவது நாளோ நாலாவது நாளோ, மதியம் சாப்பாட்டுக்கு எழுந்து வந்தா பால்கனி கட்டைச்சுவர் மேல ஒரு கைப்பிடிச் சோறு. எங்க வீட்ல அம்மா தினமும் காக்காவுக்கு வெச்சிட்டுத்தான் எங்களுக்குப் பரிமாறுவாங்க. அம்மா போனப்புறம் அப்பா வைக்கிறார்னு சித்தி ஃபோன்ல சொல்லியிருந்தாங்க. நேர்ல அன்னைக்குத்தான் பார்த்தேன்.

"வாரான்ல, ரெண்டு பேரு வாரான். நல்லா திங்கான்"னு சந்தோஷமா சொன்னார்.

இங்கதான் நான் ஒரு தப்பு பண்ணேன். பறவை பார்க்கக் கத்துக்கிட்ட புதுசுல இருக்கற வியாதி இது, யாராவது தப்பா சொன்னா திருத்தாம இருக்க முடியாது. "அப்பா, அது காக்கா இல்லப்பா. கிராக்கிள். காக்காவுக்கும் இதுக்கும் சொந்தமே கிடையாது, குடும்பமே வேற. அமெரிக்கக் கண்டத்துல மட்டும் இருக்கற குடும்பம்"னு புத்தகத்தை எடுத்து வந்து படம் வேற காட்டினேன். காக்காவும் இந்த ஊர்ல உண்டு, எங்க அபார்ட்மெண்ட் பக்கம் வராதுன்னும் சொன்னேன்.

அப்பா புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்துல வெச்சுப் பார்த்தார். திருப்பிக் குடுத்தார். கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்போ இத்தன நாளா நான் வச்ச சோறு யாருக்குல போச்சு?"ன்னார்.

நான் சிரிச்சிட்டேன். அவர் சிரிக்கலை. மறுநாள்லேர்ந்து கட்டைச்சுவர் காலி. ரெண்டு கிராக்கிளும் வந்து உட்கார்ந்து, கண்ணாடிக் கதவைப் பார்த்துக் கத்திட்டுப் போகும். அப்பா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். எனக்கு மீட்டிங்ல இருக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்டுட்டே இருக்கும். சரி பண்ணணும்னு தோணும். என்னத்தைச் சொல்லி சரி பண்றது? காக்காதான்னு பொய் சொல்லவா?

ஏப்ரல் கடைசில ஒரு சனிக்கிழமை அவரை அனாவாக் கூட்டிட்டுப் போனேன். ஹூஸ்டன்லேர்ந்து ஐ-10 ல கிழக்கே போனா ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. கடலோர சதுப்பு நிலம், அரசாங்கத்தோட வனவிலங்குப் புகலிடம். ஷவலர் பாண்ட்னு ஒரு பெரிய குட்டை, அதைச் சுத்தி காரிலேயே மெதுவா வரலாம். நாணலும் கோரையும் ஆள் உயரத்துக்கு. முதலை கரையில படுத்துக் கிடக்கும். கொசுவைப் பத்திக் கேக்காதீங்க, தாமிரபரணிக் கொசுவெல்லாம் இதுக்கு முன்னாடி குழந்தை. அப்பாவுக்கு இடம் பிடிச்சிருந்தது. நம்மூர் வயக்காட்டு வாசம் அடிக்குதுன்னார். நாணல் மேல ஊதாக் கலர்ல ஒரு கோழி நடந்ததைக் காட்டினதும், "நம்ம நீலத் தாழைக்கோழி மாதிரில்லா இருக்கு"ன்னார். உண்மைதான், ரெண்டும் கிட்டத்தட்ட பங்காளிங்க.

ஒரு திருப்பத்துல நாணல் உச்சில கருப்பா, நீள வாலோட ஒண்ணு உட்கார்ந்து கத்திட்டிருந்தது. நான் பைனாகுலரைக் கூட எடுக்கலை. "அப்பா, உங்க பார்க்கிங் லாட் ஃப்ரெண்டு இங்கயும் வந்துட்டான் பாருங்க"ன்னேன்.

அப்பா கண்ணை மூடிட்டுக் கேட்டார். "இது அவன் இல்லல."

"அதேதான்பா. எல்லா ஊர்லயும் இருக்கும் அது."

"குரல் வேறல. அவன் ஆயிரம் வேஷம் போடுவான். இவன் ஒண்ணையேல்லா திருப்பித் திருப்பிச் சொல்லுதான். ஜீப்பு ஜீப்பு ஜீப்புன்னு. கேக்கலையா ஒனக்கு?"

வேண்டாவெறுப்பா பைனாகுலரை எடுத்தேன். கண்ணு மஞ்சள் இல்லை. காபிக்கொட்டைக் கலர். தலை பெருவாலுக்கு இருக்கற மாதிரி நெத்திலேர்ந்து தட்டையா இல்லாம, குழந்தைத் தலை மாதிரி உருண்டையா இருக்கு. வாலும் ஒரு இஞ்சு குறைச்சலா தெரியுது. திடீர்னு ரெக்கையைத் தூக்கிப் படபடன்னு அடிச்சுட்டு ஒரு கடகட சத்தம் போட்டது, தண்ணியில ரெக்கையை அடிக்கற மாதிரி. (அது ரெக்கைச் சத்தம் இல்லை, தொண்டைல போடற சத்தம்னு அப்புறம் படிச்சேன்.) போட்-டெயில்டு கிராக்கிள். படகுவால்.

ஒரு நிமிஷம் ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏன்னா ரெண்டு வருஷமா கடலோரம் போற ஒவ்வொரு தடவையும், தூரத்துல கருப்பா நீளமா எது தெரிஞ்சாலும் பெருவால்னு டிக் பண்ணிட்டு வந்திருக்கேன். அனாவாக், ஹை ஐலண்ட், கால்வெஸ்டன் ஃபெர்ரி, எல்லாம். அதுல எத்தனை படகுவாலோ, இனிமே யாருக்குத் தெரியும். ஆபீஸ்ல ஒரே மாதிரி எர்ரர் மெசேஜ் வந்தா, உள்ள போய்ப் பார்க்காம பழைய டிக்கெட் நம்பரைப் போட்டு 'டூப்ளிகேட்'னு மூடுவோம் பாருங்க, அதே வேலை. காக்காவை காக்கா இல்லைன்னு அப்பாவுக்குப் பாடம் எடுத்தவன் நான். அவ்வ்வ்வ்.

அப்பாகிட்ட ஒத்துக்கிட்டேன். அவருக்குப் பெருமை தாங்கலை. திரும்பி வர்ற வழியில வின்னில டீ குடிக்க நிறுத்தினப்போ ஒரு கதை சொன்னார். அவர் வேலைல சேர்ந்த புதுசுல ரெகுலர் போஸ்ட்மேன் இல்லை, ஈ.டி. அதாவது இலாகா சாராத ஊழியர். ரெகுலர் ஆளு லீவு போட்டா இவர் ஆக்டிங் பார்க்கணும். ஒரே தெருவுல ஒரே பேர்ல, ஒரே இனிஷியல்ல ரெண்டு பேர் இருந்திருக்காங்க. ஒருத்தருக்கு பம்பாய்ல இருக்கற மகன்கிட்டேர்ந்து மணியார்டர் வரும். இன்னொருத்தருக்கு கோர்ட்டு நோட்டீஸ் வரும். ஆக்டிங் பார்த்த முதல் வாரத்துலயே மணியார்டரை நோட்டீஸ்காரர் கையில குடுத்துட்டார். அந்த ஆளும் கமுக்கமா கையெழுத்துப் போட்டு வாங்கிட்டார். அப்பா தன் கைக்காசைக் குடுத்து ஈடுகட்டினாராம், அப்போ அவருக்கு அது ஒரு மாசச் சம்பளம். "அதுக்கப்புறம் பேரைப் பாக்கதை விட்டுட்டேன். வாசல்ல நின்னு கூப்பிடுவேன். உள்ள இருந்து வார குரலைக் கேட்டுத்தான் குடுப்பேன்"ன்னார்.

இதை அவர் இதுவரைக்கும் என்கிட்ட சொன்னதே இல்லை.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க, நான் மட்டும் முட்டாள் இல்லைன்னு தெரிஞ்சு கொஞ்சம் ஆறுதல் :). அமெரிக்கப் பறவையியல் சங்கம் 1957-ல போட்ட அதிகாரப்பூர்வமான பட்டியல்லயே இந்த ரெண்டும் ஒரே இனம்தான். எல்லாத்துக்கும் பேரு போட்-டெயில்டு. அதாவது அந்தக் கணக்குப்படி எச்.இ.பி. பார்க்கிங்ல கத்தறதும் படகுவால்தான். பெரிய பெரிய தலைங்களே டூப்ளிகேட்னு மூடி வெச்ச டிக்கெட் அது.

அதைத் திறந்தது டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் செலாண்டரும் டொனால்ட் கில்லரும். தென்கிழக்கு டெக்ஸாஸ்லயும் தென்மேற்கு லூசியானாவுலயும் ரெண்டு பறவையும் ஒரே இடத்துல கூடு கட்டுது. ஒரே நாணல் காடு, பக்கத்துப் பக்கத்துக் கூடு. ஒரே இனமா இருந்தா கலந்து கட்டி நடுவாந்தரமான குஞ்சுகள் நிறைய இருந்திருக்கணும் இல்லையா? இல்லை. 1961-ல ஐம்பது பக்கத்துக்கு மேல ஒரு கட்டுரை எழுதி, இது ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தும் கலக்கறதில்லை, தனித்தனி இனம்னு காட்டினாங்க. ஆண்கள் கத்தற விதம் வேற, சிலிர்த்துக்கிட்டு ஆடற விதம் வேற. பெண்ணுங்களுக்கு அது போதும், தன் ஆளு யாருன்னு தெரிஞ்சிடுது. நாமதான் வாலை அளந்துட்டு இருக்கோம்.

சங்கம் அதை ஏத்துக்க 1973 வரைக்கும் ஆச்சு. தமாஷ் என்னன்னா, இதைப் பிரிச்ச அதே 1973-ல பால்டிமோர் ஓரியோலையும் புல்லக் ஓரியோலையும் ஒரே இனம்னு சேர்த்தாங்க. 1995-ல திரும்பப் பிரிச்சாங்க. மெர்ஜ் பண்றது, ரிவர்ட் பண்றது எல்லாம் நம்ம பொழப்புல மட்டும்தான்னு நினைச்சிட்டிருந்தேன்.

கண்ணு கலர் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. நான் பாட்டுக்கு மஞ்சள்னா பெருவால், பழுப்புன்னா படகுவால்னு சொல்லிட்டுப் போயிட்டா நியூயார்க் பக்கம் இருக்கற மக்கள் உதைக்க வருவாங்க. அட்லாண்டிக் கரையில, அங்க லாங் ஐலண்ட் வரைக்கும், இருக்கற படகுவாலுக்கும் வெளிர் மஞ்சக் கண்ணுதான். ஃப்ளோரிடா தீபகற்பத்துலயும், இந்தப் பக்கம் லூசியானா, டெக்ஸாஸ்லயும்தான் பழுப்பு. பெருவால்லயும் சின்னக் குஞ்சுகளுக்குக் கண்ணு கருப்பாத்தான் இருக்கும், வளர வளரத்தான் மஞ்சளாகும். பெண்ணுங்க இன்னும் கஷ்டம். ரெண்டு இனத்துலயும் பெண் கருப்பே கிடையாது, பிரவுன். எடையில ஆணுக்குப் பாதிதான் இருக்கும். முதல் தடவை பார்த்தா இது ஏதோ வேற பறவைன்னுதான் நினைப்போம். எங்க பால்கனிக்கு வந்த ரெண்டு பேர்ல ஒண்ணு பெண்.

குணத்துல ரெண்டும் நேர் எதிர்னுதான் சொல்லணும். படகுவாலுக்குக் கடலை விட்டா வேற உலகம் கிடையாது. ஃப்ளோரிடாவை மட்டும் விட்டுடுங்க, அங்க உள்நாட்டுலயும் இருக்கும். மத்த இடத்துல எல்லாம் உப்புத் தண்ணி, சதுப்பு, அதை ஒட்டின சின்ன ஊர், அவ்வளவுதான். பெருவால் அப்படி இல்லை. 1880 வாக்குல அமெரிக்காவுக்குள்ள அதோட எல்லை தெற்கு டெக்ஸாஸ் மட்டும்தான், சுமார் 64,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டுல பாதி. 2000-ல கணக்கெடுத்தப்போ 35 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல. இந்தியாவை விடப் பெருசு! நாம பாசன வாய்க்கால் வெட்டினோம், புல்வெளி போட்டோம், வெட்டவெளியில ஊரைக் கட்டி மரம் வெச்சோம், பார்க்கிங் லாட் போட்டோம். அது பின்னாடியே வந்தது. ஐ.டி. கம்பெனி எங்க போனாலும் நாம போற மாதிரி. நான் எந்தப் பறவைன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

படகுவாலோட குடும்ப வாழ்க்கை பத்தி ஒரு தகவல் சொல்லாம போக முடியாது. பெண்ணுங்கல்லாம் பாதுகாப்பான ஒரு இடத்துல கூட்டமா கூடு கட்டும். அந்தக் கூட்டத்துக்கு யாரு ராஜான்னு ஆணுங்க அடிச்சுக்கும், மான் கூட்டம் மாதிரி. ஜெயிச்சவன்தான் அந்தக் காலனில நடக்கற இணைசேர்க்கைல 87 சதவீதம் வரைக்கும். சரி, பெரிய ஆளுதான்னு நினைச்சு டி.என்.ஏ. பார்த்தா, அங்க பொறிக்கற குஞ்சுகள்ல கால்வாசிதான் அவனோடது. மீதி எல்லாம் ஓரமா நின்னவங்க வேலை. நம்ம டேமேஜர்கிட்ட இதைச் சொல்லணும்னு ரொம்ப ஆசை.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. அப்பாவுக்கு இதையெல்லாம் சொல்லிட்டிருந்தேன். அவர் அதுக்குள்ள ரெண்டுக்கும் பேரே வெச்சுட்டார். பார்க்கிங் லாட்காரன் மஞ்சக்கண்ணன். மத்தவன் கடக்கரையான். பேச்சோட பேச்சா ரெண்டு விஷயம் சொன்னேன். யோசிச்சுச் சொன்னதில்லை, படிச்சது வாயில வந்தது.

ஒண்ணு மெக்சிகோ கதை. ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி, 1486-லேர்ந்து 1502 வரைக்கும் ஆண்ட அஸ்டெக் பேரரசன் அகுயிட்சோட்ல், இந்த மஞ்சக்கண்ணனைக் கடலோரப் பிரதேசத்துலேர்ந்து தன் தலைநகருக்கு, அதாவது இன்னைக்கு மெக்சிகோ சிட்டி இருக்கற இடத்துக்குக் கொண்டு வந்து விட்டிருக்கான். சஹகுன்னு ஒரு ஸ்பானியப் பாதிரியார் 16-ம் நூற்றாண்டுல அந்த ஜனங்க கிட்ட கேட்டு எழுதி வெச்சிருக்கார். முதல்ல அதுக்குச் சோறு... சரி, தீனி போட்டு வளர்த்திருக்காங்க. யாரும் கல்லெறியக் கூடாது. அப்புறம் அது பெருகிப் பெருகி எங்க பார்த்தாலும் இருக்கவும் மரியாதை போயிடுச்சு. அதே பள்ளத்தாக்குக்குப் பக்கத்துல, லெர்மா சதுப்பு நிலத்துல, மெலிஞ்ச மூக்கோட இன்னொரு கிராக்கிள் இருந்தது. மஞ்சக்கண்ணனுக்கு ரொம்ப நெருங்கின சொந்தம். சதுப்பு நிலம் வத்த வத்த, 20-ம் நூற்றாண்டோட தொடக்கத்துலயே அது அடியோட போயிடுச்சு. இதைச் சொன்னப்போ அப்பா, "அவனையும் இவன்னு நினைச்சே விட்டுருப்பாம்ல"ன்னு சொல்லிட்டு வெளியே பார்த்தார். எனக்கு என் டிக் மார்க் எல்லாம் ஞாபகம் வந்தது.

இன்னொண்ணு நாம ரெண்டாம் கிளாஸ்ல படிச்ச கதை. தாகம் எடுத்த காக்கா, குடத்துல கல்லைப் போட்டுத் தண்ணி குடிச்ச கதை. கலிஃபோர்னியாவுல சாண்டா பார்பராவுல பிடிச்ச மஞ்சக்கண்ணன்களுக்கு கரீனா லோகன்ங்கற ஆராய்ச்சியாளர் அதே சோதனையை வெச்சார். குழாய்ல தண்ணி, அதுல எட்டாத உயரத்துல மிதக்கற தீனி. உள்ள போடறதுக்குக் கனமான பொருள், லேசான பொருள் ரெண்டும். 2016-ல வந்த கட்டுரை. பழக்கினப்புறம் கனமானதைத் தேர்ந்தெடுத்துப் போட்டது, தண்ணி உயர்ந்தது, தீனியை எடுத்தது. அப்புறம் கனமானது உள்ள விழாத மாதிரி மாத்தி வெச்சா, சிலது அதையும் புரிஞ்சிட்டு லேசானதுக்கு மாறிடுச்சு.

அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "அப்போ காக்கா வேலையை இவன் பாக்கான்"ன்னார்.

"அப்படித்தான் வெச்சுக்கணும்."

"நான் எத்தன வருசம் ஆக்டிங் பாத்தேன் தெரியுமால? பன்னெண்டு வருசம். ஆக்டிங் ஆளு கொண்டு போனாலும் தபால் போய்ச் சேந்துதான இருக்கும். ஒரு தடவதான் மாத்திக் குடுத்தேன்."

எழுந்து போய் குக்கரைத் திறந்தார். சோறு ஆறியிருந்ததால கொஞ்சம் நெய் விட்டுப் பிசைஞ்சு, கட்டைச்சுவர் மேல வெச்சுட்டு உள்ள வந்து உட்கார்ந்தார். பத்து நிமிஷம் ஆச்சு. யாரும் வரலை. ஒரு மாசமா ஏமாந்த பறவைங்க, எப்படி வரும்? நான் என்னத்தையோ சமாதானம் சொல்ல வாயைத் திறந்தேன், கையைக் காட்டி நிறுத்தினார். பார்க்கிங் லாட்ல எங்கேயோ கேட்டு திறக்கற சத்தம் கேட்டது. "வாரான்"ன்னார். வந்தது ஆண் இல்லை. அந்தப் பிரவுன் பெண்தான் சத்தமே போடாம பக்கத்து பால்கனிலேர்ந்து தத்தி வந்தது. அப்பாவுக்கு அது தெரிஞ்சதான்னு எனக்குத் தெரியலை. நான் சொல்லவும் இல்லை. அந்த ஒரு தடவையாவது வாயை மூடிட்டு இருந்தேன்.

அப்புறம் அபார்ட்மெண்ட் ஆபீஸ்லேர்ந்து கதவுல ஒரு நோட்டீஸ் ஒட்டிட்டுப் போனாங்க, பால்கனில பறவைகளுக்குத் தீனி வைக்கக் கூடாதுன்னு. அப்பா அதைப் படிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டார். மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டார். "கோர்ட்டு நோட்டீசு நமக்கு வந்திருக்குல"ன்னு சிரிச்சார். தினமும் வைக்கறது நின்னு, அமாவாசைக்கு மட்டும் ஒரு உருண்டைன்னு ஆச்சு. அந்த ஒரு உருண்டையைக் கண்டுபிடிக்க ஆபீஸ்காரங்களால முடியலை. மஞ்சக்கண்ணன் வந்து சுத்தமா தின்னுட்டுப் போயிடுவான். (விதியை மீறினது தப்புதான். யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க.)

ஆகஸ்ட் கடைசில ஊருக்குக் கிளம்பிட்டார். ஏர்போர்ட் போற வழியில சிக்னல்ல நின்னப்போ மேல கம்பி முழுக்க அதுங்கதான். கண்ணாடியை இறக்கச் சொன்னார். அந்த வெயில்ல, ஏசியை அணைச்சுட்டு, பச்சை விழற வரைக்கும் கேட்டுட்டு வந்தார்.

போற போக்குல ஒரு தகவல், நம்ம ஊர்க்காரங்களுக்கு. கிராக்கிள்ங்கற பேரு லத்தீன் வார்த்தையிலேர்ந்து வந்தது, ஐரோப்பாவுல இருக்கற ஒரு சின்ன காக்கா வகைக்கு அங்க வெச்சிருந்த பேரு. வெள்ளைக்காரன் எழுதின பழைய இந்தியப் பறவைப் புத்தகங்கள்ல நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை மலைமைனாவுக்கும், இலங்கை மலைமைனாவுக்கும் கூட கிராக்கிள்னுதான் பேரு. அமெரிக்கா வந்தவன் இங்க கருப்பா கத்திட்டிருந்ததைப் பார்த்து அதே பேரைத் தூக்கி வெச்சுட்டான். ஆக காக்கா இல்லாததைக் காக்கான்னு சொன்ன முதல் ஆளு எங்கப்பா இல்லை. இதை நான் கண்டுபிடிச்சது அவர் ஊருக்குப் போனப்புறம்தான். ஃபோன்ல சொன்னேன். "அதான பாத்தேன்"ன்னார், என்னவோ முன்னாடியே தெரிஞ்ச மாதிரி.

கடலோரம் இப்பவும் போறேன். கருப்பா எது தெரிஞ்சாலும் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, முதல்ல கேக்கறேன். பழைய பட்டியல்ல சந்தேகமா இருக்கறதையெல்லாம் அழிச்சிட்டேன். என் மொத்த எண்ணிக்கை அதனால ஒண்ணும் குறையலை. ஆனா அந்த ரெண்டு வருஷத்துக்கு ஹை ஐலண்ட் பக்கம் வெறுமையா இருக்கு.

போன அமாவாசைக்கு நான் வெச்சேன். முதல் தடவை. சாதம் கொஞ்சம் குழைஞ்சிடுச்சு. அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு, ஃபோனைக் கண்ணாடிக் கதவு மேல சாய்ச்சு வெச்சேன். அங்க ராத்திரி பத்தரை. பெண் ஒண்ணு வந்தது. "அப்பா, வந்தாச்சு, தெரியுதா?"ன்னேன். திரையில எல்லாம் கருப்பா தெரியுதுன்னார். "கூப்பிடச் சொல்லுல"ன்னார்.

அது கூப்பிடலை. தின்னு முடிச்சுட்டு, அலகைக் கட்டைச்சுவர்ல ரெண்டு தடவை துடைச்சுட்டுப் போயிடுச்சு.